30 சதவீதம் 61 ஆனது எப்படி: பண்ருட்டிப் பகுதிப் பார்க்கின்சன் நோயாளி ஒருவரின் மாற்றுத்திறன் மதிப்பீடு

பண்ருட்டி வட்டத்தில் முந்திரிப் பருப்புக்குத் தோல் உரிக்கும் வேலை செய்துவந்த 57 வயதுப் பெண். வலது கை உதறலில் தொடங்கிய பார்க்கின்சன் நோய். கண்டறிந்து 6 ஆண்டுகள் ஆகின்றன. புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனையின் நரம்பியல் பிரிவில் தொடர் சிகிச்சை. மகன், மருமகளுடன் வசிக்கிறார். மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகைக்காகச் சான்று கேட்டார். முதல் மதிப்பீட்டில் கிடைத்தது 30 சதவீதம், ஓராண்டுத் தற்காலிகச் சான்று. மறுமதிப்பீட்டில் 61 சதவீதம், நிரந்தரச் சான்று. இரண்டுக்கும் நடுவே நோய் பெரிதாக முற்றவில்லை. பார்த்த நேரமும் பார்த்த விதமும்தான் மாறின.

இது தனி ஒருவரின் வரலாறு அல்ல. கடலூர் மாவட்ட மனுக்களில் திரும்பத் திரும்ப வரும் கூறுகளைச் சேர்த்து அமைத்த மாதிரி நேர்வு.

முதல் மதிப்பீட்டில் நடந்தது

இவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து வேளை, மூளையில் குறைந்துபோன டோபமினை ஈடுகட்டும் லெவோடோபா–கார்பிடோபா மாத்திரை: காலை 6, 9.30, பகல் 1, மாலை 4.30, இரவு 8. மதிப்பீட்டு முகாம் நாளன்று 9.30 மாத்திரையைப் போட்டுக்கொண்டு பேருந்து ஏறியிருக்கிறார். 10.40க்கு மருத்துவர் முன் உட்கார்ந்தபோது மருந்து உச்சத்தில் வேலை செய்துகொண்டிருந்தது. ஒரு நாளிலேயே அவர் மிக நன்றாக இருக்கும் முக்கால் மணி நேரம் அதுதான்.

அன்று சான்றளிக்கும் மருத்துவக் குழுவில் நரம்பியல் மருத்துவர் இல்லை. எலும்பு மருத்துவர் தனக்குத் தெரிந்த முறைப்படி மூட்டுகளின் அசைவு வரம்பையும் தசைவலுவையும் சோதித்தார். வலு ஐந்துக்கு ஐந்து. மூட்டுகள் முழுமையாக மடங்கி நீண்டன. அதில் தவறில்லை. பார்க்கின்சனில் தசைவலு பெரும்பாலும் குறைவதே இல்லை. கெடுவது வேகம், அசைவின் வீச்சு, தொடங்கும் திறன், சமநிலை ஆகியவை. முறிந்த காலுக்கும் வெட்டுப்பட்ட கைக்கும் வகுத்த அளவுகோலை இந்த நோய்க்கு வைத்தால் பதில் குறைவாகத்தான் வரும். சிறுமூளைத் தள்ளாட்ட நோய்களுக்கும் இதே கதிதான்.

“எப்படிம்மா இருக்கீங்க?” என்று கேட்டதற்கு, “இப்ப பரவாயில்லைங்க ஐயா” என்று சொன்னார். படிவத்தில் ‘தற்போது குறிப்பிடத்தக்க புகார் இல்லை’ என்று ஏறியது. ஐயா முன்னால் தன் கஷ்டத்தைப் பெரிதாக்கிப் பேசக்கூடாது என்பது இந்தப் பக்கத்துப் பெண்களின் பழக்கம். மதிப்பிடுகிறவர் அதை அறிந்து கேள்வியை மாற்ற வேண்டும். “காலையில எழுந்து பாத்ரூம் போகும்போது கூட யார் வர்றாங்க?”, “படுக்கையில புரண்டு படுக்க யாரைக் கூப்பிடுறீங்க?”, “ஜாக்கெட் கொக்கி யார் மாட்டிவிடுறாங்க?” என்று கேட்டால் பெயரோடு பதில் வரும். அப்படி வருகிற பெயர்களே அவர் எந்த அளவுக்குப் பிறரைச் சார்ந்திருக்கிறார் என்பதன் அளவு.

இன்னொரு கோளாறு சான்றிலேயே இருந்தது. ஊனவகை என்ற இடத்தில் ‘கை கால் இயக்கக் குறைபாடு’ என்று பதிந்திருந்தார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் நாட்பட்ட நரம்பியல் பாதிப்புகள் என்ற தலைப்பின் கீழ் பார்க்கின்சன் நோயும் மல்டிபிள் ஸ்கிளீரோசிஸும் (நரம்புகளின் மேலுறை சிதையும் நோய்) பெயர் சொல்லி இடம்பெற்றுள்ளன. சான்றுப் படிவத்திலும் பார்க்கின்சனுக்குத் தனி வரிசை உண்டு. தமிழ்நாட்டின் பராமரிப்பு உதவித்தொகையில் இந்த நோய்களுக்கென்று தனிப்பிரிவு இருக்கிறது. சான்றில் இயக்கக் குறைபாடு என்று மட்டும் இருந்தால், அந்தப் பிரிவுக்கான 40 சதவீத வரம்பைத் தாண்டியவரின் மனுகூட அதற்குள் போகாது. கடும் பாதிப்புக்கான 75 சதவீத வரம்பை வைத்து அளந்து திருப்பிவிடுவார்கள். சதவீதத்தைப் பார்த்துக் கலங்கும் குடும்பங்கள் இந்த வரியைப் பார்ப்பதே இல்லை. சான்று கைக்கு வந்ததும் முதலில் படிக்க வேண்டியது இதைத்தான்.

பார்க்கப்படாதவை

மாத்திரை போட்ட இரண்டரை மணி நேரத்தில் மருந்து இறங்கத் தொடங்குகிறது. லெவோடோபா உடலில் வெகுநேரம் தங்காது. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகிவிடும். நோயின் தொடக்க ஆண்டுகளில் மூளை அதைச் சேமித்து வைத்துச் சமாளிக்கும். ஆண்டுகள் போகப்போகச் சேமிக்கும் செல்கள் குறைந்து, வேளைக்கு வேளை ஏற்ற இறக்கம் தெரிய ஆரம்பிக்கும். ஒரே ஆள் 11 மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்வார், 12.30க்கு நாற்காலியிலிருந்து எழ முடியாமல் மருமகளைக் கூப்பிடுவார். இரண்டும் உண்மை. கிராம விசாரணைக்கு வந்த ஊழியர் 11 மணிக்குப் பார்த்துவிட்டு ‘வீட்டு வேலைகள் செய்கிறார்’ என்று எழுதினால், அதுவும் பொய்யல்ல, ஆனால் பாதிதான்.

இந்த நேர்வில் படிவத்துக்கு வெளியே நின்றவை இவை: விடியற்காலை 5 முதல் 6.45 வரை அசையமுடியாத விறைப்பு. அறை வாசற்படியிலும் கழிவறை வாசலிலும் கால் தரையோடு ஒட்டிக்கொள்வது. மூன்று மாதத்தில் நான்கு முறை விழுந்தது, அதில் ஒருமுறை புருவத்தில் தையல். இரவில் நான்கு ஐந்து முறை அவசரமாகச் சிறுநீர் வருவது, அதில் சில இரவு போய்ச்சேருவதற்குள் நனைந்துவிடுவது. படுத்து எழுந்ததும் தலைசுற்றல். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 50 நிமிடம். தொலைபேசியில் யாருக்கும் கேட்காத குரல்.

வேலையையும் யாரும் விசாரிக்கவில்லை. முந்திரிப் பருப்பின் மேல்தோலைச் சிறு கத்தியால் நகம் படாமல் எடுக்க வேண்டும். முழுப் பருப்புக்கு ஒரு விலை, உடைந்ததற்கு அதைவிடக் குறைந்த விலை. கூலி கிலோக் கணக்கு. ஆலையின் கூலி நோட்டில் இவர் கணக்கைப் பார்த்தால் நோய் வந்த இரண்டாம் ஆண்டிலேயே நாள் எடை பாதியாகிறது, உடைந்த பருப்பு ஏறுகிறது; நான்காம் ஆண்டில் பெயரே இல்லை. சதவீதம் போடக் கூலி நோட்டு ஆவணம் ஆகாது. ஆனால் விரல்களின் நுண்திறன் எப்போது போனது என்பதற்கு இதைவிட நம்பகமான பதிவு கிடைப்பது அரிது. நகலெடுத்து இணைத்தது சரியான முடிவு.

மறுமதிப்பீட்டுக்கான தயாரிப்பு

சான்றளித்த அதிகாரியின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யச் சட்டத்தின் 59ஆம் பிரிவு வழி தருகிறது. இந்த நேர்வில் அதற்குமுன், புதிய மருத்துவ ஆதாரங்களுடன் மறுமதிப்பீடு கேட்டு எழுத்தில் மனு கொடுக்கப்பட்டது. ஆதாரமே இல்லாமல் மேல்முறையீட்டுக்குப் போனால் அங்கும் அதே வெறும் படிவம்தான் பார்க்கப்படும்.

முதல் ஆவணம் ஐந்து நாள் நாட்குறிப்பு. தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் மருமகள் எழுதினார். அரை மணிக்கு ஒரு கோடு. ஒவ்வொன்றிலும் நான்கில் ஒரு எழுத்து: தூக்கம் ‘தூ’, மருந்து நன்றாக வேலை செய்யும் நேரம் ‘ந’, வேலை செய்தும் உடம்பு தானாக நெளியும் நேரம் ‘நெ’, மருந்து இறங்கிய நேரம் ‘இ’. மாத்திரை போட்ட நேரத்துக்கு வட்டம், விழுந்தால் பெருக்கல் குறி. விழித்திருக்கும் 16 மணி நேரத்தில் சராசரியாக ஐந்தரை மணி நேரம் ‘இ’. இதை இரவில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதக்கூடாது. அப்போது எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்கும், படிக்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும்.

இரண்டாவது, கைபேசிக் காணொளி இரண்டு. ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம். ஒன்று காலை 5.45க்கு, கட்டிலிலிருந்து எழுந்து கழிவறை வாசல் வரை. மற்றொன்று அதே பாதை, 7.15க்கு. சுவர்க் கடிகாரம் தெரியும்படி எடுத்தார்கள். “நட, நில்லு” என்று பின்னாலிருந்து சொல்லக்கூடாது. சொன்னால் ஒன்று நடிப்பாகத் தெரியும், இல்லையென்றால் அந்தச் சொல்லே தாளமாகி உறைந்த கால் விடுபட்டுவிடும். பார்க்கின்சனில் வெளியிலிருந்து வரும் தூண்டலுக்கு அந்தச் சக்தி உண்டு. சமதரையில் ஒட்டிக்கொள்ளும் கால் மாடிப்படி ஏறிவிடுவதும் அதனால்தான். ‘படி ஏறுகிறவருக்கு நடக்க வராதா’ என்று சந்தேகப்படுவோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கழிவறை உள்ளே, உடை மாற்றும் இடத்தில் படம் வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது, சிகிச்சை தரும் நரம்பியல் பிரிவின் கடிதம். பெரும்பாலான மனுக்கள் விழுவது இங்கேதான். ‘பார்க்கின்சன் நோய், சிகிச்சையில் உள்ளார், தொடர்ந்து வரவும்’ என்ற மூன்று சொற்றொடரை வைத்து எந்தக் குழுவும் எதுவும் செய்ய முடியாது. நரம்பியல் மதிப்பீட்டின் பழைய விதியே, மதிப்பிடுவது நோயை அல்ல, அதன் விளைவுகளை என்பதுதான். ஆகவே கடிதத்தில் இருக்க வேண்டியவை: நோய் தொடங்கிய ஆண்டு, மருந்தும் வேளையும், மருந்து இறங்கிய நிலையிலும் ஏறிய நிலையிலும் தனித்தனியாக ஹோன்–யார் நிலை (நோயின் தீவிரத்தை 1 முதல் 5 வரை குறிக்கும் அளவுகோல்), இரண்டு நிலைகளிலும் இயக்க மதிப்பெண், பின்னிழுப்புச் சோதனையில் (பின்னால் நின்று தோளைப் பிடித்து இழுத்துச் சமநிலை பார்ப்பது) தானாக நின்றாரா, பிடிக்க வேண்டியிருந்ததா, விழுந்த எண்ணிக்கை, படுத்தும் நின்றும் எடுத்த ரத்த அழுத்தம், சிறுநீர்ப்பை, விழுங்குதல், பேச்சு, நினைவாற்றல் பற்றி ஒவ்வொரு வரி, கடைசியாக, நோய் முற்றிக்கொண்டே போகும், மீளாது என்ற தெளிவான வாக்கியம். இவர் மருந்து ஏறிய நிலையில் ஹோன்–யார் 3, இறங்கிய நிலையில் 4. புறநோயாளிக் கூட்டத்தில் மருத்துவருக்கு இதையெல்லாம் எழுத நேரமிருக்காது என்பது நியாயமான பேச்சு. தேவையான தலைப்புகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டுபோய், அடுத்த முறை வரும்போது வாங்கிக்கொள்கிறோம் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும்.

மதிப்பீட்டு நாள்

முகாம் நாளில் மாத்திரையை நிறுத்திவிட்டு வா என்று அறிவுரை சொல்வோர் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இது ஆபத்து. லெவோடோபாவைத் திடீரென நிறுத்தினால் கடும் காய்ச்சலும் விறைப்பும் நினைவுத் தடுமாற்றமும் வந்து உயிருக்கே கேடாகலாம். ஒரு வேளையைக்கூடத் தாண்டத் தேவையில்லை. அடுத்த வேளைக்கு முன்பான அரை மணியைக் கேட்டு வாங்கினால் போதும். இவர் 9.30 மாத்திரையை வழக்கம்போலப் போட்டார், 12.15க்குப் பார்க்கும்படி மனுவிலேயே கேட்டிருந்தார். 1 மணி மாத்திரையும் தண்ணீரும் மருமகள் பையில். சாப்பாட்டை 1.30க்குப் பிறகு வைத்துக்கொண்டார்கள். பருப்பு, முட்டை போன்ற புரத உணவோடு சேர்ந்தால் மருந்து ஏறத் தாமதமாகும்.

மருத்துவர் படிவத்தின் மேலேயே ‘கடைசி மாத்திரை 9.30, சோதனை நேரம் 12.20’ என்று குறித்தார். இந்த ஒரு வரி இல்லாத பார்க்கின்சன் மதிப்பீட்டுக்கு மதிப்பே இல்லை என்று சொல்லலாம். பிறகு சோதனைகள்: கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் பத்து முறை தட்டச் சொன்னார், வலது கையில் நான்காவது தட்டிலேயே வீச்சு சுருங்கி ஏழாவதில் நின்றது. கைகளைக் கட்டிக்கொண்டு எழச் சொன்னார். மூன்று முயற்சியிலும் எழவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காரும் சோதனை 34 வினாடி, திரும்பும் இடத்தில் இருமுறை கால் ஒட்டியது. அறைக் கதவைத் தாண்டி நடக்கச் சொன்னதும் வாசலில் நின்றுவிட்டார். காலி அறைக்குள் மட்டும் நடக்கவிட்டிருந்தால் இது தெரிந்திருக்காது. பின்னிழுப்பில் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு வாக்கியம் எழுதச் சொன்னபோது எழுத்து வரி முடிவதற்குள் எறும்பு ஊர்ந்ததுபோல் ஆனது. படுத்த நிலையில் ரத்த அழுத்தம் 138/82, நின்ற மூன்றாம் நிமிடத்தில் 112/70. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தாலே அது நிற்கும்போது ஏற்படும் தாழ் அழுத்தம். இங்கே இரண்டும் தாண்டியது.

1 மணி மாத்திரைக்குப் பிறகு 1.50க்கு மறுபடி பார்த்தார். அதே நடை 13 வினாடி. இந்த வித்தியாசத்தைப் பார்த்து நடிப்பு என்று முடிவுகட்டுவதுதான் நரம்பியல் பழக்கமில்லாத குழுக்கள் செய்யும் பெரிய அநியாயம். நாட்குறிப்பு, காணொளி, கடிதம், நேரடிச் சோதனை நான்கும் ஒரே ஏற்ற இறக்கத்தைக் காட்டும்போது அந்த வித்தியாசமே நோயின் சான்று. மாறாக, மருந்து ஏறிய நேரத்திலும் எழ முடியவில்லை என்று காட்டி, யாரும் பார்க்காதபோது எழுந்தால் சந்தேகத்துக்கு இடமுண்டு. மிகைப்படுத்தலும் நடக்கிறது, நேரம் குறித்த பதிவுதான் இரண்டையும் பிரித்துக்காட்டும்.

சதவீதம் வந்த வழி

வெவ்வேறு பாதிப்புகளுக்கான சதவீதங்களை அப்படியே கூட்டுவதில்லை. 2001 வழிகாட்டியிலிருந்தே புழங்கும் சூத்திரம் இது: பெரிய மதிப்புடன், சிறிய மதிப்பை (90 கழித்தல் பெரிய மதிப்பு) என்பதால் பெருக்கி 90ஆல் வகுத்து வருவதைச் சேர்க்க வேண்டும். இயக்கம், சமநிலை இரண்டுக்கும் சேர்த்து 50, சிறுநீர்ப்பைக்கு 25 என்று குழு கொண்டது. 25ஐ 40ஆல் பெருக்கி 90ஆல் வகுத்தால் 11.1. மொத்தம் 61. சிறுநீர்ப் பிரச்சினையை இவர் வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டிருந்தால் 50தான். எழுபது வயதைத் தாண்டியவர்கள், அதுவும் ஆண் மருத்துவர் முன் உட்காரும் பெண்கள், இதைச் சொல்லவே மாட்டார்கள். செவிலியரைக் கொண்டு தனியே கேட்க வைப்பது நல்லது.

மதிப்பீட்டு வழிகாட்டி 2018 ஜனவரியில் அறிவிக்கப்பட்டு 2024 மார்ச்சில் திருத்தப்பட்டது. மனு தரும் நாளில் எது நடைமுறையில் உள்ளதோ அதன்படிதான் குழு மதிப்பெண் போடும். பழைய சான்றின் கணக்கை வைத்துப் புதியதை எதிர்பார்க்கக்கூடாது.

‘மறுமதிப்பீடு’ என்ற வரி

சதவீதத்துக்கு இணையான கனம் இந்த வரிக்கு உண்டு. சான்றில், பாதிப்பு முற்றக்கூடியதா, மேம்பட வாய்ப்புள்ளதா என்று குறிக்கவும், மறுமதிப்பீடு தேவையில்லை அல்லது இத்தனை ஆண்டுக்குப் பின் தேவை என்று குறிக்கவும் இடம் இருக்கிறது. 2017 விதிகள், குறைபாட்டின் அளவு மாற வாய்ப்பில்லாவிட்டால் நிரந்தரச் சான்றும், மாறக்கூடுமானால் செல்லுபடிக் காலம் குறித்த சான்றும் தரச் சொல்கின்றன. பார்க்கின்சனின் அளவு மாறும் என்பதால் பல குழுக்கள் யோசிக்காமல் ஓராண்டு போட்டுவிடுகின்றன. மாறும்தான், ஆனால் ஒரே திசையில். முற்றிக்கொண்டே போகும் நோய்க்காரரை ஆண்டுதோறும் வரிசையில் நிற்கவைத்து, இன்னும் நோய் இருக்கிறதா என்று கேட்பதில் எந்த அர்த்தமும் இல்லை. காலாவதியான நாளில் உதவித்தொகை நிற்கிறது. அடுத்த சான்று வரும்வரை மருந்துக் கடையில் கடன் ஏறுகிறது. ‘முற்றக்கூடியது, மேம்பட வாய்ப்பில்லை, மறுமதிப்பீடு தேவையில்லை’ என்று குறித்து நிரந்தரச் சான்று தருவதே சரி. நிலை மோசமானால் கூடுதல் சதவீதம் கேட்டு அவரே வரலாம். 80ஐத் தொட்டால் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கான தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் தகுதியும், யுடிஐடி எனும் தேசிய மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் மஞ்சள் நிறத்துக்குப் பதில் நீலமும் வரும். கையிலிருப்பது பறிபோகும் என்ற பயம் மட்டும் இருக்கக்கூடாது. இவருக்கு அப்படித்தான் குறிக்கப்பட்டது.

மற்ற நோய்களில் மாறுவது

மல்டிபிள் ஸ்கிளீரோசிஸில் வெயில் பெரிய காரணி. உடல் சூடேறினால் பார்வையும் கால் வலுவும் தற்காலிகமாக மங்கும். டிசம்பரில் நடந்து வந்தவர் அக்கினி நட்சத்திரத்தில் தூக்கி வரப்படுவார். பருவத்தைக் குறிக்காத சான்று தவறாகப் போகும். திடீர்த் தாக்குதல் நடக்கும் வாரத்தில் மதிப்பிட்டாலும் மிகையாகிவிடும்.

இயக்க நரம்பணு நோயில் (தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழியும் நோய்) காலம்தான் எதிரி. நோய் தெரிந்த மாதமே மனு போட வேண்டும். கையெழுத்துப் போடக் கை வரும்போதே வங்கிக் கூட்டுக் கணக்கு, காப்பாளர் விவரம் எல்லாவற்றையும் முடித்துக்கொள்ள வேண்டும். இதன் பெயர் சட்டப் பட்டியலில் தனியாக இல்லை. நாட்பட்ட நரம்பியல் பாதிப்பு என்ற வரிசையில் பதியச் சொல்ல வேண்டும். தசைச்சிதைவு நோய்க்குத் தனி வரிசை உண்டு, இதோடு குழப்பக்கூடாது.

தள்ளாட்ட நோய் உள்ள ஆண்களைக் குடித்திருப்பதாக எண்ணி வாசலிலேயே திருப்பி அனுப்புவது கடலூர்–புதுச்சேரி எல்லையில் சாதாரணமாக நடக்கிறது. நோய்ப் பெயர் எழுதிய மருத்துவமனை அட்டை சட்டைப் பையில் எப்போதும் இருக்கட்டும்.

எல்லை, பணம், கைரேகை

சான்றை வசிக்கும் மாவட்டத்திலும் வாங்கலாம், சிகிச்சை பெறும் அரசு மருத்துவமனையின் அதிகாரியிடமும் கேட்கலாம் என்று விதி இருக்கிறது. சான்று நாடு முழுதும் செல்லும்; ஆனால் உதவித்தொகை முகவரியைப் பொறுத்தது. தென்பெண்ணைக்கு அப்பால் பாகூரில் ஆதார் இருந்தால் புதுச்சேரி சமூக நலத்துறை, இப்பால் இருந்தால் தமிழ்நாடு. ஜிப்மர் அட்டையில் உறவினரின் புதுச்சேரி முகவரி, ஆதாரில் பண்ருட்டி முகவரி என்று இருந்தால் யுடிஐடி விண்ணப்பம் மாட்டிக்கொள்ளும். முதலில் அதைத் திருத்த வேண்டும்.

இவருடைய மனு கடலூரில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போனது. மாதம் 2,000 ரூபாய். வருவாய்த்துறை தரும் 1,500 ரூபாய் ஓய்வூதியத்தையும் இதையும் சேர்த்து வாங்க முடியாது. இரண்டுக்கும் மனு போட்டால் ஒன்று ரத்தாகும்வரை இரண்டுமே தாமதமாகும்.

கடைசித் தடை வங்கியில் வந்தது. பழைய கையெழுத்தும் இப்போதைய சுருங்கிய கையெழுத்தும் பொருந்தவில்லை. கைரேகைக் கருவியில் விரல் நடுங்கியதால் மூன்று முறையும் பதியவில்லை. மாத்திரை போட்ட ஒரு மணி நேரம் கழித்துப் போய், மாதிரிக் கையெழுத்தை மாற்றி இடது பெருவிரல் ரேகையும் பதிந்தார்கள்; ஆதார் சரிபார்ப்பைக் கருவிழி வழியே செய்துகொண்டார்கள். ஆண்டுக்கொரு முறை தர வேண்டிய உயிருடன் இருப்பதற்கான சான்றுக்கும் கருவிழியே போதும் என்பதால், அந்த வசதியுள்ள இ-சேவை மையம் எது என்று முன்பே விசாரித்து வைத்திருக்கிறார்கள்.